சவப்பெட்டியை மறைத்த கேபிள்காரர்

அந்த போனைச் செய்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எங்கேயாவது நான் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வது போலத் தெரிந்தால் நீங்களே பிடித்துக்கொள்ளலாம்.

நாமக்கல்லில் ஒரு செய்தி சேனலுக்கு மாவட்ட நிருபராக இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டேன். முட்டை விலை ஏறினாலும் லாரி கவிழ்ந்தாலும் என் போன்தான் அடிக்கும். கொல்லிமலையில் ஏதாவது நடந்தால் மட்டும் நான் உடனே கிளம்ப மாட்டேன். காரவள்ளியில் தொடங்கி எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் இந்த வயதில் குடல் வாய்க்கு வந்துவிடும். பூபதிக்கு போன் போடுவேன். அவர் போய் இரண்டு படம் எடுத்து அனுப்பினால் போதும், அதை வைத்துக்கொண்டு நான் மலையிலேயே பிறந்து வளர்ந்தவன் போலப் பேசிவிடுவேன்.

பூபதி மலை மேலே சோளக்காடு என்கிற ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவர். நாற்பத்தெட்டு வயது. எடப்புளி நாடு என்கிற மலைப்பகுதியில் மரவள்ளி போடுகிற குடும்பம். பத்தாவதோடு படிப்பு நின்றது. கரண்ட் கம்பம் நடுகிற கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போய், கம்பியும் கம்பமும் பழகி, ஒரு நாள் தானே ஒரு டிஷ் வாங்கி வைத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு லைன் இழுத்தார். கம்பம் இல்லாத இடத்தில் சில்வர் ஓக் மரம்தான் கம்பம். மிளகுக்கொடி ஏறின மரத்தில் இவரும் ஏறுவார். குரங்கு வயரைக் கடிக்கும், காற்று மரத்தைச் சாய்க்கும், இடி இறங்கிப் பெட்டியைப் புகைய விடும். மறுநாள் பூபதி வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார். இன்று அவரிடம் நானூறு வீடு இருக்கிறது. தன் புருஷன் வீட்டில் இருந்த நேரத்தைவிடக் கம்பத்தில் இருந்த நேரம்தான் அதிகம் என்று அவர் மனைவி கண்ணாயி எல்லோரிடமும் சொல்வார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூபதிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பாராட்டாகச் சொல்லவில்லை, அவர் தொழிலுக்கு அது பெரிய குறை. லைன் போய்விட்டது என்று போன் வந்தால் உலகத்தில் எந்தக் கேபிள்காரரும் 'இதோ வந்துட்டே இருக்கேன்' என்று சாப்பாட்டு இலை முன்னால் உட்கார்ந்தபடியே சொல்லுவார். பூபதி மட்டும் 'நாளைக்கு மத்தியானத்துக்கு மேலதானுங்க' என்பார். திட்டிக்கொண்டே அவரிடம்தான் லைன் வைத்திருப்பார்கள்.

போன தை மாதம், காலை பத்தேகால் இருக்கும். சேனலின் சென்னைச் செய்தி டெஸ்க்கிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. வடக்கே எல்லையில் இரண்டு நாளைக்கு முன்பு பனிச்சரிவு. நான்கு ராணுவ வீரர்கள் இறந்துவிட்டார்கள். ஒருவர் கொல்லிமலை, பெயர் சதீஷ்குமார், வயது இருபத்தேழு, அம்மா பெயர் பழனியம்மாள். உடல்களைக் கீழே முகாமுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், மலர்வளையம் வைப்பதை நேரலையாகப் போடப் போகிறோம், வீட்டுப் படமும் அம்மா பேட்டியும் உடனே வேண்டும். 'அம்மா பேட்டி' என்பதற்குப் பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தான் டெஸ்க்கில் இருந்த பையன்.

நான் பூபதியைக் கூப்பிட்டேன். பழனியம்மாள் என்று ஒரு அம்மா, மகன் மிலிட்டரி, தெரியுமா என்றேன். தெரியும் என்றார். அந்தப் பக்கத்து ஊர்தான், அக்கா முறை. நான் விஷயத்தைச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று நினைத்து இரண்டு தடவை 'ஹலோ' என்றேன்.

"அக்காவுக்குத் தெரியுமாங்க சார்?" என்று கேட்டார்.

ராணுவத்தில் சொல்லாமலா இருப்பார்கள் என்றேன். எனக்குத் தெரியாது, ஆனாலும் சொன்னேன்.

"இல்லீங்க சார். காலைல எட்டு மணிக்கு சோளக்காட்டுக்கு மொளகு கொண்டாந்து போட்டுட்டு, எங்க கடை வாசல்ல நின்னு சிரிச்சுப் பேசிட்டுத்தான் போச்சு."

ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் டெஸ்க்குக்கு போன் போட்டேன், அது உண்மை. குடும்பத்துக்கு இன்னும் தெரியாது போல, கொஞ்சம் பொறுக்கலாமா என்று கேட்டேன். மற்ற சேனல்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது சார் என்று அந்தப் பையன் சொன்னான். அவன் சொன்னதும் பொய் இல்லை. முடியாது என்று பூபதியிடம் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

இதற்கு மேல் நடந்ததைப் பூபதி எனக்குப் பல நாட்களில் துண்டு துண்டாகச் சொன்னார்.

அவருடைய கன்ட்ரோல் ரூம் என்பது ஒரு பழக்கடைக்கு மேலே பத்துக்குப் பத்து அறை. சுவரில் இருந்த டிவியில் செய்தியை வைத்தார். நான்கு பெட்டிகள், நான்கு கொடிகள், ஒவ்வொரு பெட்டிக்கு முன்னாலும் சட்டம் போட்ட படம். மூன்றாவது படத்தில் சதீஷ்குமார். அந்தப் பையன் ஏழு வயதில் கார்ட்டூன் சேனல் வரவில்லை என்று அழுதபோது மரத்தில் ஏறி வயரைச் சரிசெய்தவர் பூபதி. கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை.

பழனியம்மாளின் ஊரில் பதினாறு வீடுகள். எல்லோரிடமும் பூபதியின் கேபிள்தான், தனி டிஷ் யாரும் வைக்கவில்லை. போன் சிக்னலும் கிடையாது, ஊருக்கு மேலே உள்ள ஒரு பாறையில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். ராணுவத்திலிருந்து அவரது எண்ணுக்கு விடாமல் கூப்பிட்டும் கிடைக்காமல் போனது அதனால்தான். அந்த ஊருக்குப் போகும் லைன் பூபதி கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அவர் யோசிக்கவில்லை, பிடுங்கிவிட்டார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். அதிகாரிகள் யாராவது வருகிறார்களா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னார். இதையாவது செய்வோம் என்று நான் நாலு இடத்தில் கேட்டேன். நாமக்கல்லிலிருந்து ஒரு அதிகாரி ஜீப்பில் கிளம்பியிருந்தார். ஆனால் நாற்பத்தோராவது வளைவில் மரவள்ளி ஏற்றின லாரி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றுவிட்டது. மேலும் கீழும் வண்டி நகரவில்லை. ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள்.

அதற்குள் பழனியம்மாளே பூபதிக்கு போன் போட்டுவிட்டார். பாறை மேல் நின்றுகொண்டிருந்தார். டிவி தெரியவில்லை, பையன் இருக்கிற பக்கம் பனி கொட்டுகிறது என்று நேற்றுச் செய்தியில் சொன்னார்கள், இன்றைக்கு என்ன என்று பார்க்க வேண்டும், லைனைப் பார் என்றார். அதோடு, ஏதோ தெரியாத நம்பரிலிருந்து போன் வந்து வந்து நின்றிருக்கிறது, யார் என்று தெரியவில்லை, திருப்பிப் போட்டுப் பார்க்கப் போகிறேன் என்றும் சொன்னார்.

பாறை மேல் அவர் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் அந்த போன் அடிக்கலாம். எதிரே ஒரு பள்ளம், பின்னால் ஒரு சரிவு, பக்கத்தில் ஆள் கிடையாது.

"அக்கா, நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் இப்பவே வாரேன். பாறை மேல நிக்காதீங்க, வெயிலு."

"தை மாசத்துல என்ன பூபதி வெயிலு" என்று பழனியம்மாள் சிரித்தாராம்.

ஒன்பது கிலோமீட்டர். பாதி ரோடு, பாதி மண்பாதை. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை என்று பூபதி சொன்னார். வழியில் இரண்டு பேர் கைகாட்டியும் வண்டியை நிறுத்தவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ, தனக்கு முன்னால் யாராவது ஓடிப்போய்ச் சொல்லிவிடுவார்களோ என்பதே மனதில் இருந்தது. வாசலில் வண்டியை நிறுத்தியபோது பழனியம்மாள் மிளகுக் காம்பை ஆய்ந்துகொண்டிருந்தார். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது. பூபதிக்கு உயிர் வந்தது.

பழனியம்மாள் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார்.

இங்கேதான் அந்த மனிதர் மாட்டிக்கொண்டார். அந்த ஊர்களில் சாவுச் செய்தி கொண்டுவருகிறவர் அந்த வீட்டில் தண்ணீர் வாங்க மாட்டார். வாசலில் நிற்பார். தண்ணீர் நீட்டினால் 'வேண்டாம்' என்பார். அதுவே பாதிச் செய்தி. வாய் திறந்து சொல்வதற்கு முன்னால் வீட்டுக்காரர்களுக்கு மூச்சுவிட ஒரு நொடி கிடைக்கும். எந்தச் சாவாக இருந்தாலும் இப்படித்தான், தலைமுறை தலைமுறையாக. பூபதி தண்ணீரை மறுத்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லியாக வேண்டும். சொல்லத் தனக்கு என்ன உரிமை இருக்கிறது, டிவியில் ஓடிய ஒரு வரியைத் தவிரத் தன்னிடம் என்ன இருக்கிறது, பெயரை மாற்றிப் போட்டிருந்தால், வேறு சதீஷ்குமாராக இருந்தால் என்றெல்லாம் அவருக்கு ஓடியிருக்கிறது. செம்பை வாங்கினார். முழுவதும் குடித்தார்.

வாழ்க்கையில் நான் சொன்ன பொய் அது ஒண்ணுதானுங்க சார் என்று பிறகு என்னிடம் சொன்னார். அதையும் வாயால் சொல்லவில்லை.

குடித்துவிட்டுக் கம்பத்தில் ஏறினார். அங்கே பழுது ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும், பிடுங்கின முனை சோளக்காட்டில் கிடக்கிறது. கம்பத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, திருகைக் கழற்றி, மறுபடி முடுக்கி, தூரத்தில் வளைவு தெரிகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப் வரவில்லை. பழனியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. நீ பார்த்துக்கொண்டிரு, நான் பாறைக்குப் போய் அந்த நம்பருக்குப் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார்.

"அக்கா, போகாதீங்க. படம் வருதான்னு உள்ள பாத்துச் சொல்லோணும், எனக்கு ஆள் வேணும்."

பழனியம்மாள் உள்ளே ஓடினார். 'வரல சாமி' என்று குரல் கொடுத்தார். இப்போது பாருங்கள் என்றார் இவர். மறுபடி உள்ளே ஓடினார், மறுபடி வெளியே வந்தார். இப்படி எத்தனை தடவை என்று பூபதி எண்ணவில்லை. ஒரு கட்டத்தில் பழனியம்மாளுக்கு இது விளையாட்டாகிவிட்டது. கம்பத்தடியில் இடுப்பில் கை வைத்து நின்று, உனக்கு வயசாகிவிட்டது பூபதி, எம்பையன் லீவில் வரட்டும், அவனே ஏறிப் பார்த்துக்கொள்வான் என்று கேலி பேசினார். பங்குனிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான், பெண் பார்க்கலாமா என்று கரியக்காளி கோயிலில் பூ வாக்குக் கேட்க வேண்டும் என்றார். பூபதி மேலே உட்கார்ந்து 'ஆமாங்க', 'ஆமாங்க' என்றார். கம்பியைக் கடித்துக்கொண்டதால் அதற்கு மேல் பேச முடியாதது போல் நடித்தாராம். கீழே விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியதாம்.

பன்னிரண்டேகாலுக்கு ஜீப் வந்தது.

அதிகாரி இறங்கினார், கூட ஒரு போலீஸ்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பழனியம்மாள் யார் எவர் என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களுக்குச் செய்கிறபடி செம்பை எடுத்து வந்து நீட்டினார். சமவெளிக்காரரான அந்த அதிகாரிக்கு மலை வழக்கம் எதுவும் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் யாருக்குத் தண்ணீர் இறங்கும்? வேண்டாம்மா என்று கையை அசைத்தார்.

செம்பு நீட்டியபடியே நின்றது. பழனியம்மாள் அதிகாரியைப் பார்க்கவில்லை. திரும்பி, கம்பத்து மேலே இருந்த பூபதியைப் பார்த்தார்.

மறுநாள் மதியம் பெட்டி மலைக்கு வந்தது. நானும் ஏறியிருந்தேன், கேமராக்காரர் பிரேமோடு. இன்னும் நாலு சேனல்காரர்கள் வந்திருந்தார்கள். ஊருக்குள் போகிற வழியில் ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் பூபதி. கேமரா உள்ளே வரக் கூடாது என்பது ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் மாணிக்கம் போட்ட கட்டுப்பாடு. காவலுக்குப் பூபதியை நிறுத்தியதும் அவர்தான். முந்தின நாள் பூபதி செய்ததை, பழனியம்மாள் காதுக்குப் போகாமல், ஊரே மெச்சிக்கொண்டிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. வளைவு வளைவாக வாந்தி எடுத்துவிட்டு வந்திருக்கிறேன், என் ஆளே எனக்கு மூங்கில் கட்டுகிறார். நான் கத்தினேன். எல்லையில் என்ன நடக்கிறது என்று நாட்டுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். பெட்டியைக் காட்டாவிட்டால் போர் என்றால் அணிவகுப்பும் கொடியும் பாட்டும்தான் என்று சனங்கள் நினைத்துக்கொள்வார்கள், மறைத்து வைத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டேன். இது வேலைக்காகச் சொன்னது இல்லை, இன்றைக்கும் நான் நம்புகிறேன். சாகிறவர்கள் பெரும்பாலும் இந்த மாதிரி ஊர்ப் பிள்ளைகள், அனுப்புகிறவர்கள் வீட்டில் பெட்டி இறங்குவதில்லை. அதைக் கண்ணால் பார்த்தால்தான் உறைக்கும்.

பூபதி மூங்கிலைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாடு பாக்கட்டுமுங்க சார். நான் வேண்டாங்கல. பெத்தவ பாத்த பொறவு பாக்கட்டும். நேத்து நீங்க அந்த ஒரு மணி நேரம் பொறுக்கலையே."

என் வாய் சும்மா இருக்காதே. நேற்றைக்கு வேறு, இன்றைக்கு வேறு, இன்றைக்குத்தான் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டதே, அம்மாவைக் கேட்டுக்கொண்டா மூங்கில் கட்டினீர்கள் என்றேன். பூபதி திரும்பிக் கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர், பொம்பளைகிட்ட இந்த நேரத்துல இதைப் போயிக் கேக்க முடியுமா என்றார். யாரும் கேட்டிருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்தது.

மூங்கிலுக்கு இந்தப் பக்கமிருந்தே துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் இறங்கினேன். உள்ளே நடந்ததைப் பூபதி சொன்னார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. பனிக்கு அடியில் கிடந்த உடம்பு, பார்க்கிற நிலையில் இல்லை என்றார்கள். முகம் பார்க்காமல் அடக்கம் செய்கிற வழக்கம் அங்கே கிடையாது. பழனியம்மாள் கெஞ்சவில்லை. வாய்க்கரிசியை மூடின பலகை மேல் போட்டார். பூபதி அரிசிச் சட்டியை நீட்டியபோது அதை வாங்கவில்லை, வேறு ஒருவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

எட்டாம் நாள் பழனியம்மாளின் அண்ணன் மகள் சுமித்ரா நாமக்கல்லிலிருந்து வந்தாள். காலேஜ் படிக்கிற பெண். அத்தை மடியில் விழுந்து அழுதபோது, அன்றைக்குப் பத்தே முக்காலுக்கே ஹாஸ்டல் டிவியில் பார்த்துவிட்டேன், உங்களுக்கு எத்தனை போன் போட்டேன், கிடைக்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். பழனியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு, எத்தனை மணி என்று திருப்பித் திருப்பிக் கேட்டிருக்கிறார். அப்புறம் பூபதிக்கு ஆள் அனுப்பினார்.

பூபதி போய் வாசலில் நின்றார். பழனியம்மாள் சத்தம் போடவில்லை.

"நாடு பூரா எம்பையனுக்கு அழுதுட்டிருந்தப்ப, நான் உன் காலுக்குக் கீழ நின்னு சிரிச்சுட்டிருந்தேன் பூபதி. நீ சிரிக்க வெச்சே. தண்ணி வேற வாங்கிக் குடிச்சே."

அக்கா, டிவியில பாத்து நீங்க விழுந்துடக் கூடாதுன்னுதான் என்று இவர் தொடங்கினார். பழனியம்மாள் கேட்டுக்கொள்ளவில்லை. அவன் முகத்தையும் பார்க்கவில்லை, அங்கே அவனைத் தூக்கிப் போனதையும் பார்க்கவில்லை, ஊரான் ஊரான் எல்லாம் பார்த்தான், பெற்றவள் மட்டும் பார்க்கவில்லை, போ என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் காலையில் பூபதி நாமக்கல்லில் என் வீட்டு வாசலில் நின்றார். முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கிறார். முகம் சவரம் செய்து நாலு நாள் இருக்கும். அன்றைக்கு ஓடிய படம் முழுசாக வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். நாற்பத்தெட்டு வயது ஆள், தோளில் இருந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் செய்தது தப்புங்களா சார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அது உண்மை. ஓடவிட்டிருந்தால் மிளகு ஆய்ந்துகொண்டே நிமிர்ந்து பார்த்து, மகன் படத்துக்கு முன்னால் பெட்டியைப் பார்த்து, தனியாக அந்த வீட்டில் அந்த அம்மா என்ன ஆகியிருப்பாரோ. ஓடவிடாமல் பிடுங்கியதற்கு இது பலன். போனைப் போட்ட நான் மட்டும் சௌகரியமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

டெஸ்க்கில் கெஞ்சி, திட்டி, ஒருவழியாக அந்த இருபத்தாறு நிமிடத்தையும் வாங்கினேன். அதற்கு ஒரு சோகப் பாட்டு போட்டிருந்தார்கள். 'கண்ணீரில் கொல்லிமலை' என்று எழுத்து ஓடவிட்டிருந்தார்கள், கொல்லிமலையில் அப்போது ஒரு துளிக் கண்ணீர் விழவில்லை என்பது யாருக்குத் தெரியும். பாட்டையும் எழுத்தையும் பிரேம் உட்கார்ந்து நீக்கிக் கொடுத்தார். மூலையில் இருந்த கடிகாரத்தை மட்டும் நீக்க முடியவில்லை.

பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பூபதி எழுந்தார். எழுந்தவர் போகவில்லை.

"நீங்களும் வாங்க சார். போன் போட்டது நீங்கதானுங்க."

போனேன். எழுபது வளைவும் ஏறினேன், குடல் வாய்க்கு வந்தது.

பழனியம்மாள் எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவன் படம் கொண்டுவந்திருக்கிறேன், அன்றைக்கு ஓடினது, பாட்டு ஒன்றும் இல்லாமல் என்று பூபதி சொன்னார். பார்க்க வேண்டாம் என்றால் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றார். பழனியம்மாள் அவர் கையில் இருந்த பென் டிரைவைப் பார்த்தார். பிறகு, போடு என்றார். டிவியில் மாட்டி ஓடவிட்டுப் பூபதி வெளியே வந்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் வாசலில் நின்றோம். உள்ளே பூட்ஸ் சத்தம், யாரோ இந்தியில் உத்தரவு போடுகிற சத்தம், காற்றுச் சத்தம். பழனியம்மாளிடமிருந்து சத்தமே இல்லை. ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது, ஆஸ்பத்திரிக்கு எப்படிக் கொண்டு போவது என்று எனக்கு அந்த ரோடு முழுவதும் கண்ணுக்குள் ஓடியது. இருபத்தாறு நிமிடம் முடிந்தது. மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கியது, ரிமோட்டில் அவரே அழுத்தியிருக்கிறார். மூன்றாவது தடவையும் ஓடியது. அதன் நடுவில் சத்தம் நின்றது.

"பூபதி, உள்ள வா."

இரண்டு பேரும் போனோம். படத்தை நிறுத்தி வைத்திருந்தார். ஆறு பேர் சதீஷ்குமாரின் பெட்டியைத் தோளில் சுமந்து வண்டியை நோக்கி நடக்கிற இடம். மூலையில் மணி 11.07 என்று இருந்தது. பழனியம்மாள் டிவிக்குப் பக்கத்தில் போய், பின்னால் இடப்பக்கம் இருந்த ஒரு பையன் மேல் விரலை வைத்தார். முகம் சரியாகத் தெரியவில்லை, தொப்பி மறைத்திருந்தது. கன்னம் மட்டும் நனைந்து பளபளத்தது. அத்தனை பெரிய அதிகாரிகளுக்கு முன்னால் துடைக்கக் கூட முடியாமல், இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். நான் அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பிரேமோடு உட்கார்ந்து வெட்டவும் செய்திருக்கிறேன், அவனை ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

இவன் யாரென்று விசாரித்துச் சொல்ல முடியுமா என்று பழனியம்மாள் என்னைக் கேட்டார். முடியும், எதற்கு அம்மா என்றேன்.

"நான் சிரிச்சுட்டிருந்த நேரத்துல எம்பையனுக்கு அழுதது இவந்தானுங்க. இவங்கிட்ட ஒரு வார்த்தை பேசோணும்."